பெருங்குடியில் ஒன்பது மணி நேரம்

பெருங்குடி கம்பெனியில் இனி வரவேண்டாம் என்று சொன்ன பிறகும் இரண்டு மாதம் நான் தினமும் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தேன். காலை எட்டரைக்கு மயிலாப்பூரில் எங்கள் வீட்டிலிருந்து பையோடு இறங்குவேன். ஆழ்வார்பேட்டையில் ஒரு நூலகத்தில் போய் உட்காருவேன். அம்மா கட்டிக்கொடுத்த தயிர்சாதத்தைப் பன்னிரண்டு மணிக்கே முடித்துவிடுவேன். அதைவிட்டால் செய்வதற்கு வேறு வேலை இல்லை. ஆறரைக்கு வாடிய முகத்தோடு திரும்புவேன். அந்த வாட்டம் மட்டும் நடிப்பில்லை.

அப்பாவிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. முப்பது வருஷம் அரசு அலுவலகத்தில் கோப்பு பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை என்பது திடீரென்று ஒரு நாள் இல்லாமல் போகக்கூடியது என்றே அவருக்குத் தெரியாது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது சுலபமில்லை என்று எனக்குத் தெரியும். இருந்தும் மறைத்தேன்.

அந்தச் சமயம் பார்த்து எங்கள் வீடு அரசின் வேலைவாய்ப்புக் கணக்கெடுப்பில் வந்து சேர்ந்தது. ஓர் அம்மாள் டேப்லெட்டோடு வருவார். ஒரே வீட்டுக்கு மாதம் ஒரு முறையாக நான்கு தடவை வருவது அவர்கள் வழக்கம். கடந்த ஏழு நாளில் யார் என்ன வேலை பார்த்தார்கள், எந்த நாள் எத்தனை மணி நேரம் என்று கேட்பார். வீட்டில் இல்லாதவருக்காக இருப்பவர் பதில் சொல்லலாம். முதல் தடவை எனக்காக அப்பாதான் சொன்னார்.

"அஞ்சு நாள், தினமும் ஒம்பது மணி நேரம்னு போட்டுக்கச் சொன்னேன்," என்றார் சாயங்காலம், பெருமையாக.

நாட்டில் எத்தனை இளைஞர்களுக்கு வேலை இருக்கிறது என்று டெல்லியில் கூட்டிப் பார்க்கும்போது, என்னுடைய நூலகத்து ஒன்பது மணி நேரமும் அதில் சேரும். முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினேன்.

இரண்டாவது தடவை அந்த அம்மாள் வந்தது ஒரு சனிக்கிழமை. நான் கூடத்தில் வசமாக மாட்டிக்கொண்டேன்.

"தம்பியோடது சொல்லுங்க சார்."

"அதே பெருங்குடி கம்பெனிதான். திங்கள்லேருந்து வெள்ளி வரைக்கும் ஒம்பது ஒம்பது மணி நேரம் போட்டுக்கோங்கோ," என்றார் அப்பா.

அந்த அம்மாளின் விரல் திரையில் தட்டிக்கொண்டே போனது. திங்கள், செவ்வாய். புதன்கிழமைக்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை.

"போடாதீங்க மேடம். எனக்கு வேலை போய் ரெண்டு மாசம் ஆச்சு."

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அந்த அம்மாளின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"இந்த ஏழு நாள்ல ஒரு மணி நேரமாவது எதுனா வேலை செஞ்சீங்களா தம்பி?"

"இல்ல."

"தேடுனீங்களா?"

"நாலு இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன்."

"அப்ப வேலை தேடுறவர்னு போட்டுடறேன்."

அவ்வளவுதான். இரண்டு மாதம் நான் தலையில் சுமந்ததை அவர் திரையில் நாலு தட்டுத் தட்டி இறக்கி வைத்துவிட்டார். கண் கலங்கியது. ஆனாலும் நிம்மதியாக இருந்தது, அப்படியொரு நிம்மதி.

அப்பா திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கவலை வேறாக இருந்தது.

"அப்போ போன மாசம் நான் சொன்னது தப்பா? அதைத் திருத்திடுங்கோ."

"அது மேலிடத்துக்குப் போயிருச்சு சார். இனிமே மாத்த முடியாது."

அவர் போன பிறகும் அப்பா கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். "சர்க்காருக்குப் பொய்த் தகவல் கொடுத்துட்டேனே. உன்னை ஒரு வார்த்தை கேட்டுண்டு சொல்லியிருக்கணும்." அப்புறம் என் முன்னால் வந்து நின்றார். "இத்தனை நாளும் எங்கடா உக்காந்துண்டிருந்தே?"

"லைப்ரரிலப்பா."

"வெயில்ல அலையலையே?"

"இல்லப்பா."

"திங்கக்கிழமைலேருந்து ஆத்துலயே சாப்பிடு."

திங்களன்று மத்தியானம் ஒன்றரை மணிக்கு வீட்டில், மற்றவர்கள் சாப்பிடும் நேரத்தில், சூடான ரசம் சாப்பிட்டேன். இரண்டு தடவை கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அடுத்த மாதம் அந்த அம்மாள் மறுபடியும் வந்தார். எனக்கு இன்னும் வேலை கிடைத்திருக்கவில்லை. அப்பாவின் பக்கம் திரும்பி, "தம்பியோடது சொல்லுங்க சார்," என்றார்.

அப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"அவன் இங்கேதானே இருக்கான். அவனையே கேளுங்கோ."