மேகலா மூன்று ஊரில் பாடினாள்

மேகலாவின் குரலை முதலில் பயன்படுத்திக்கொண்டது தண்ணீர் லாரிதான். வாய்க்கால் ஓரத்தில் இருநூறு வீடுகள். லாரி எந்த நேரத்தில் வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்ததும் முனை வீட்டுத் தகரத்தின் மேல் ஏறி நின்று, "தண்ணீய்ய்..." என்று அவள் ஒரு கூவல் விட்டால் கடைசி வீடுவரை குடங்கள் கிளம்பிவிடும். ஏழு வயதில் ஆரம்பித்த வேலை. அதைப் பாட்டு என்று யாரும் நினைக்கவில்லை, அவளைப் பெற்ற பவுனுவும் நினைக்கவில்லை.

பவுனு லோதி ரோட்டில் எங்கள் வீட்டில் பதினொரு வருடமாக வேலை செய்கிறாள். கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரி. கட்டட வேலைக்குக் கணவனோடு தில்லி வந்தவள். அவன் இறந்த பிறகும் ஊர் திரும்பவில்லை. இந்தி நன்றாகப் பேசுவாள், ஆனால் எந்த மொழியிலும் ஓர் எழுத்து தெரியாது. இங்கேயே பிறந்த மேகலாவுக்குத் தமிழ் பேச வரும். எழுதப் படிக்க இந்திதான்.

வாய்க்கால் வீடுகளை இடித்தபோது மேகலாவுக்கு இருபத்திரண்டு வயது. கையில் காகிதம் இருந்தவர்களுக்கு நகரத்தின் வடக்கு ஓரத்தில், நரேலாவில் வீடு கொடுத்தார்கள். தாயும் மகளும் அங்கே போனார்கள். போவதற்கு முந்தின நாள், உடைந்த செங்கல் குவியல்மேல் உட்கார்ந்து மேகலா தானே கட்டிய ஒரு பாட்டைப் பாடினாள். பாதி தமிழ், பாதி இந்தி. கடைசி வரியில் அந்தத் தண்ணீர்க் கூவல், முன்னைவிட உயரமாக. தோழி ஒருத்தி அதை போனில் எடுத்துப் போட்டாள். பத்து நாளில் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள்.

பாராட்டுகளை அவள் அதிகம் படிக்கவில்லை. 'கடைசியில் வருவது மனிதக் குரல் இல்லை, மெஷின்' என்று எவனோ எழுதியிருந்ததை மட்டும் என்னிடம் கொண்டுவந்து காட்டினாள்.

"மெஷினாம் ஆன்ட்டி. எங்க ஏரியாவுல வந்து கேட்டுப் பாருடான்னு சொல்லலாம்னா, ஏரியாவே இல்ல."

அடுத்த மாதம் ப்ரணவ் வந்தான். குர்கான் கம்பெனி ஒன்றில் பாடகர்களின் கச்சேரிகளை ஏற்பாடு செய்கிறவன். தில்லி ஜனக்புரியில் வளர்ந்த தமிழ்ப் பையன். மூன்று வாரத்தில் ஐந்து ஊர்: ஜெய்ப்பூர், லக்னோ, தில்லி, புனே, பெங்களூர். ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்ததால் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டார்கள். எங்கள் சாப்பாட்டு மேசையில்தான் கையெழுத்தானது.

"ஒரே விஷயம் மேகலா," என்றான் ப்ரணவ். "கடைசிக் கூவலை முன்னாடியே ரெக்கார்ட் பண்ணி வெச்சுக்கலாம். ஸ்டேஜ்ல அது ஓடும், நீ வாயசைச்சா போதும். எல்லாரும் பண்றதுதான்."

"அப்ப என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்க அண்ணா? என் போட்டோவைக் கூட்டிட்டுப் போங்க, டிக்கெட் செலவு மிச்சம்."

"தொண்டை போச்சுன்னா?"

"போனா அங்கேயே நின்னு, போச்சுன்னு சொல்லிடுவேன்."

சமையலறை வாசலில் நின்றிருந்த பவுனு சிரித்தாள். "அவ வாயி அப்டி. நீங்க எழுதிக்குங்க தம்பி." ப்ரணவ் ஒருவழியாக ஒத்துக்கொண்டான். ஒத்திகையில் மட்டும் ஒரு பதிவு எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்வேன், மேடையில் ஓடாது என்றான்.

நவம்பர் முதல் வாரம் ஜெய்ப்பூர். நன்றாகப் போனது என்று பவுனு மறுநாள் ஒவ்வொரு தட்டைத் தேய்க்கும்போதும் சொன்னாள். தேய்த்து முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்:

"பாப்பாவுக்குத் தொண்ட கரகரங்குதாம்க்கா. மேடையில பொக விடறாங்களாம். ஏதாவது மருந்து இருக்குதா?"

தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரையும் தலைவலி மாத்திரை எங்கள் வீட்டில் எப்போதும் இருக்கும். தொண்டை வலித்தால் அதைக் கரைத்துக் கொப்பளிப்போம். பெட்டியைத் திறந்து இரண்டு அட்டை முழுதாகவும், மூன்றாவது அட்டையில் பாதியைக் கத்தரித்தும் கொடுத்தேன். கொப்பளித்துத் துப்பிவிடச் சொல் என்று சொன்னேனா? சொல்லியிருப்பேன் என்றுதான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். சொன்ன ஞாபகம் இல்லை.

லக்னோவிலும் பாடிவிட்டாள். குரல் கொஞ்சம் தடித்திருக்கிறது, அதுவும் நன்றாகத்தான் இருக்கிறது என்று கம்பெனியில் சொன்னார்களாம்.

தில்லிக் கச்சேரி ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்கு, திறந்த மைதானத்தில். அந்த வாரம் ஊரை மூடிய நச்சுப் புகைமூட்டத்துக்காகப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டிருந்தார்கள்; கச்சேரிக்கு விடவில்லை. நரேலாவிலிருந்து பழைய வாய்க்கால் ஜனங்கள் அறுபது பேர் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். முன்வரிசைத் தடுப்புக் கம்பியைப் பிடித்தபடி பவுனுவும் நானும் நின்றோம். மேகலா இளநீல உடையில் வந்தாள். முதல் நான்கு பாட்டுகளுக்கு நடுவில் ஏழெட்டு முறை தண்ணீர் குடித்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக அந்தப் பாட்டு. கடைசி வரி. கூவல் பாதி உயரம் ஏறியது. அங்கே அறுந்தது. கமறவில்லை, இருமவில்லை, விளக்கை அணைத்த மாதிரி நின்றுவிட்டது. மேகலா வாயை மூடிக்கொண்டு தொண்டையில் கையை வைத்தாள். மைக்கைக் கீழே இறக்கினாள்.

அவள் உதட்டைப் பிரிக்காமலே கூவல் மறுபடி ஏறியது. மைதானம் முழுக்க, சுத்தமாக, முழு உயரத்துக்கு. ஒத்திகைப் பதிவு.

"எம்மாம் சவுண்டு பாத்தீங்களாக்கா!" என்றாள் பவுனு. கண்ணெல்லாம் நீர்.

பின்னாலிருந்து ஒருவன், "நக்லி!" என்று கத்தினான். போலி. அடுத்த நிமிடம் நூறு பேர் கத்தினார்கள். தண்ணீர் பாட்டில்கள் மேடைமேல் விழுந்தன. மேகலா மைக்கைத் தூக்கி ஏதோ சொல்லப் பார்த்தாள். அதிலிருந்து காற்றுதான் வந்தது. போச்சு என்று சொல்லிவிடுவேன் என்றவளுக்கு அதைச் சொல்லவும் குரல் இல்லை. ப்ரணவ் ஓடி வந்து அவளை இழுத்துக்கொண்டு உள்ளே போனான்.

"நான் பாட்டைக் காப்பாத்தத்தான் போட்டேன்," என்று பிறகு என்னிடம் நாலு தடவை சொன்னான். அதற்குள் அந்த அரை நிமிடம் எல்லா போனிலும் ஓட ஆரம்பித்திருந்தது. புனேயும் பெங்களூரும் ரத்தாயின.

செவ்வாய்க்கிழமை டாக்டரிடம் போனோம். கூட ஒருவர்தான் உள்ளே வரலாம் என்றார்கள். "நீங்க போங்கக்கா, அவரு பேசற இங்கிலீசு எனக்கு வராது," என்று பவுனு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

குரல் நாணில் ரத்தம் கட்டியிருந்தது. டாக்டர் திரையில் காட்டினார். நாணின் விளிம்பில் சிவப்பாக ஒரு திட்டு. தொண்டை வீங்கியிருக்கும்போது கத்தினால் வரக்கூடியதுதான், ஆனால் இவ்வளவு பெரிதாகவா என்றவர், "ஆஸ்பிரின் ஏதாவது சாப்பிட்டாயா? அது ரத்தத்தை உறையவிடாது. பாடுகிறவர்கள் தொடவே கூடாது," என்றார்.

மேகலா பையைத் துழாவி ஒரு அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தாள். பாதி அட்டை. ஓரத்தில் என் கத்தரி வெட்டு.

கொப்பளித்தாயா, குடித்தாயா என்று டாக்டர் கேட்டார். அவள் நோட்டில் இந்தியில் எழுதிக் காட்டினாள்: 'துப்பினால் வீண்தானே. ஒரு நாளைக்கு மூன்று குடித்தேன்.'

மூன்று வாரம் ஒரு வார்த்தை பேசக் கூடாது, இந்த மாத்திரையைக் கண்ணாலும் பார்க்கக் கூடாது என்றார். பழையபடி பாடுவாளா என்று கேட்டேன். "பேச்சு வந்துவிடும்," என்றார். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதையேதான் சொன்னார்.

வெளியே வரும் முன் மேகலா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். கதவில் நோட்டை வைத்து எழுதினாள். 'மாத்திரையால் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். அவள் தாங்கமாட்டாள். நீங்கள் கொடுத்தது என்று நானும் யாரிடமும் சொல்லமாட்டேன்.'

பவுனு எழுந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தாள். "இன்னா எழுதிருக்கா?"

"தூசியாம். தில்லித் தூசி ஒத்துக்கலையாம். மூணு வாரம் பேசக் கூடாதாம்," என்று படித்தேன்.

"நாசமாப் போற ஊரு," என்று பவுனு மகளின் தலையைத் தடவினாள்.

நான்காவது வாரம், ஒரு காலை. வெங்காயம் நறுக்கிக்கொண்டே பவுனு சொன்னாள்: "பேச்சு வந்துடுச்சுக்கா. கட்டையா வருது. பாடுடின்னா மாட்டேங்கறா. அந்த மாத்திரை இன்னும் ரெண்டு குடுங்களேன்."

"தீர்ந்துபோச்சு பவுனு."

"பரவால்ல. அட்டை எனக்கு அடையாளம் தெரியும். முந்தாநேத்தே கடையில வாங்கிட்டேன், இன்னும் ரெண்டு கையில இருக்கட்டுமேன்னுதான் கேட்டேன்."

கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தேன். உட்காரச் சொன்னேன். அவள் நின்றுகொண்டே இருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன்: டாக்டர் சொன்னது, நோட்டில் எழுதியிருந்தது, கத்தரி வெட்டு. அவள் என்னைத் திட்டவில்லை. வெங்காயக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"முந்தாநேத்துலேர்ந்து காலைல ஒண்ணு, சாயந்தரம் ஒண்ணு கரைச்சுக் குடுத்தேனே அக்கா," என்றாள்.

"குடிச்சாளா?"

"எம் முன்னாடிதான் குடிச்சா. ஒண்ணும் சொல்லல. டம்ளரைக் கழுவி வெச்சா."