சட்டைப் பையில் ஒரு பெயர்

சண்டை மறுபடி தொடங்கிய காலத்தில் ஊர்காவற்றுறையில் நான் ஒரு இன்டர்நெட் கடை வைத்திருந்தேன். கனடாவுக்கும் லண்டனுக்கும் ஈமெயில் வழியாக ஒடியல் மா, அதாவது காயவைத்த பனங்கிழங்கு மா, விற்கும் ஒருவர் அங்கே வருவார். மெலிந்த உடம்பு, மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. கதிரையை வாசலைப் பார்க்கத் திருப்பிப் போட்டுக்கொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் என் ஈமெயிலில் தட்டுவேன்; அடியில் தன் பெயரைப் போட விடமாட்டார்.

காசை மட்டும் பாங்கு வழியாக வாங்கமாட்டார். நயினாதீவுத் திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் கொடுத்துவிடச் சொல்வார்.

"ஏன் அண்ணை, பாங்குக்குப் போட்டால் ரெண்டு நாளிலை வந்திடுமே?"

"அனுப்புறவன் ஆரெண்டு எனக்குத் தெரியாது தம்பி. அவன்ரை பேரோடை என்ரை பேரும் ஒரு கடதாசியிலை கிடந்தால், புலியளின்ரை காசோ எண்டு ஆமி கேக்கேக்கை நான் என்ன சொல்லுறது?"

அடுத்த திருவிழாவுக்கு யாழ்ப்பாணத்துக்கு வரும் பாதை பூட்டியிருந்தது. வெளியூர்க்காரர் ஒருவரும் வரவில்லை. உதவி என்று நினைத்து, அவரைக் கேளாமலே மா வாங்குகிறவர்களுக்கு என் பாங்குக் கணக்கு இலக்கத்தை அனுப்பிவிட்டேன். வந்த காசைக் கையில் கொடுத்தபோது அவர் அதை எண்ணிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன வேலை பார்த்தனீர்? இப்ப உம்மடை பேரெல்லே அதிலை கிடக்கு."

அதன்பிறகு வீதியில் இராணுவ ஜீப் நின்றாலே நான் கணினியை அணைத்துவிடுவேன். அவர் விற்பனையை நிறுத்திவிட்டார். ஆனாலும் தினமும் கடை திறக்கும்போதே வந்து, அடையாள அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் இருந்தார்.

"ஏன் அண்ணை இஞ்சை காவல்?"

"ஆரும் வந்து கேட்டால், காசு என்ரையெண்டு சொல்ல ஆள் வேணுமெல்லே."

ஒருவரும் வந்து கேட்கவில்லை. அந்த அட்டையில் இருந்த பெயரை நானும் கேட்கவில்லை.