மடையில் மூன்று செங்கல்

சாரங்கபாணி இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை ஐந்து பத்துக்கு வந்தது. ஞானாபரணம் அப்போது பல் துலக்கிக்கொண்டிருந்தார். பால்காரர் வாசலில் நின்று சொன்னார்: "மேலத்தெரு சாரங்கபாணி போயிட்டாருங்க. மாரடைப்பாம்."

ஞானாபரணம் வாயைக் கொப்பளித்துவிட்டு, "எப்போ?" என்றார்.

"ராத்திரியே."

அதற்குமேல் கேட்க அவருக்கு ஒன்றும் இல்லை. சாரங்கபாணியோடு பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

திருவிடைமருதூருக்குத் தெற்கே இருவருக்கும் அடுத்தடுத்த வயல். ஞானாபரணத்தின் வயலைத் தாண்டித்தான் சாரங்கபாணிக்குத் தண்ணீர் போக வேண்டும். ஆற்றில் தண்ணீர் குறைந்த ஒரு வருஷம், தன் முறை வருவதற்கு முன்பே சாரங்கபாணி வரப்பை வெட்டிக்கொண்டார். மறுநாளே ஞானாபரணம் அவருக்குத் தண்ணீர் போகும் மடையில் மூன்று செங்கல் வைத்தார். அதன்பிறகும் தண்ணீர் போனது. கொஞ்சம் யோசித்துவிட்டுப் போனது.

ஞானாபரணம் லுத்தரன் சபைக்காரர். அறுப்பின் பண்டிகைக்கு முதல் நெல்மூட்டை அவருடையதுதான். ஞாயிறு தவறாமல் கோயிலில் இடதுபக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருவார். மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போகும்போது மட்டும் எழுந்திருக்க மாட்டார். சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் முதலில் போய் அவனோடு ஒப்புரவாகு, பிறகு பீடத்துக்கு வா என்று வேதத்தில் இருக்கிறது. மற்றவர்கள் அதை வாசித்தார்கள். ஞானாபரணம் கடைப்பிடித்தார், பீடத்துக்கு வராமல் இருப்பதை மட்டும்.

அந்தச் சபையில் போதகரை ஐயர் என்பார்கள். பதினோரு வருஷத்தில் மூன்று ஐயர்மார் மாறினார்கள். போகிறவர் வருகிறவரிடம் சாவிக்கொத்தோடு இதையும் ஒப்படைத்தார்: மூன்றாவது பெஞ்சு வர மாட்டார், வற்புறுத்த வேண்டாம்.

போன சனிக்கிழமை, சாரங்கபாணியிடம் பேசிவிடுவது என்று கிளம்பி ஞானாபரணம் மதகு வரை போயிருந்தார். சாரங்கபாணி செல்போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். முடிக்கட்டும் என்று பத்து நிமிஷம் நின்றார். முடிக்கவில்லை. திரும்பிவிட்டார்.

மூன்றாம் நாள் துக்கம் விசாரிக்கப் போனார். சாரங்கபாணியின் மனைவி கமலாம்பாள் நிமிர்ந்து பார்த்து, "வாங்க. இப்பத்தான் வழி தெரிஞ்சுதா?" என்றாள். மகன் பரணிதரன் நாற்காலி போட்டான்.

"எங்களால நீங்க உங்க கோயில்ல ஏதோ வாங்கிக்கிறதில்லையாமே?" என்றாள் கமலாம்பாள்.

"உங்களால இல்லீங்க. என்னாலதான்."

"அவரு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. 'அந்த மனுஷன் சாமிகிட்ட பட்டினி கிடந்தாலும் கிடப்பான், செங்கல்ல மட்டும் எடுக்க மாட்டான்'னு."

பரணிதரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கமலாம்பாள் அழவில்லை. ஞானாபரணமும் அழவில்லை.

அங்கிருந்து நேராக ஐயரிடம் போனார்.

"செத்துப்போனவர்கிட்ட எப்படிங்க ஐயரே ஒப்புரவாகுறது?"

"ஆண்டவர்கிட்ட மன்னிப்புக் கேளுங்க, அது போதும். இந்த ஞாயித்துக்கிழமை பீடத்துக்கு வந்துடுங்க."

"ஆண்டவர் மடையில நான் ஒண்ணும் வைக்கலையே."

ஞானாபரணம் செருப்பை மாட்டிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை கடப்பாரையோடு மடைக்குப் போனார். துக்க வீட்டில் யாரும் வயல் பக்கம் வராததால் சாரங்கபாணியின் நாற்றங்கால் ஓரம் வெளுத்துக் கிடந்தது. மேல் செங்கல் கையோடு வந்தது. இரண்டாவது நாலு குத்தில் வந்தது. அடிச்செங்கலை அந்த வருஷக் கோபத்தில் சிமெண்டு வைத்துப் பூசியிருந்தார். நல்ல சிமெண்டு. அவருக்கு அப்போது வயது ஐம்பத்தேழு.

மொட்டை போட்ட தலையோடு பரணிதரன் வரப்பில் வந்து நின்றான். "விடுங்க பெரியப்பா, நான் ஆள் வெச்சு எடுத்துக்கிறேன்."

"வெச்சவன்தான் எடுக்கணும். நீ போய்க் காரியத்தைப் பாரு."

சனிக்கிழமை இருட்டும் வரை குத்தினார். நாற்றங்காலில் தண்ணீர் ஏறி நின்றது.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எழுந்து பீடத்துக்குப் போனார்கள். ஞானாபரணம் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அடிச்செங்கலில் பாதி இன்னும் மடையில் இருந்தது.