ஆண்டவரிடம் சொன்ன கோள்

எங்கள் வீட்டில் தினமும் இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். டி.வி.யை அணைத்து, கூடத்தில் கோரைப்பாயை விரித்து, என் கணவர், மாமியார், நான், பிற்பாடு பிறந்த என் மகள் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடுவோம். வீடு சந்திக்க வருகிற சபைக்காரர்கள் அதைப் பார்த்து "ஆசீர்வதிக்கப்பட்ட குடும்பம்" என்று சொல்லிவிட்டுக் காபி குடித்துப் போவார்கள். எனக்கோ ஏழரை ஆனாலே எங்கேயாவது எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும்.

ஏனென்றால் அந்த வீட்டில் யாரும் யாரையும் நேருக்கு நேர் திட்டியதில்லை. திட்டுவதற்கு ஆண்டவரை வைத்திருந்தோம்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் சந்தவாசல் பக்கத்திலிருந்து ஆரணிக்கு வாழ்க்கைப்பட்டு வந்தேன். கணவருக்குப் பஸ் டிப்போவில் மெக்கானிக் வேலை. மாமனார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமியாரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். சபையின் பெண்கள் ஐக்கியக் கூட்டத்தில் அவர் ஜெபிக்க எழுந்தால் கடைசி வரிசை வரைக்கும் மூக்கு உறிஞ்சுகிற சத்தம் கேட்கும். அப்படி ஒரு நாக்கு. வீட்டில் "ஜல்தியா வா", "அந்த சொம்ப எடு" என்று பேசுகிறவர், கண்ணை மூடினால் "தேவரீர்" என்பார், "அடியாள்" என்பார், ஒரு வாக்கியத்தை மூச்சு முட்டும்வரை இழுத்துக்கொண்டு போவார். வந்த புதிதில் அதைக் கேட்டு எனக்குப் புல்லரித்தது உண்மை.

பிறகு ஒருநாள் குழம்பில் உப்பு தூக்கலாகிவிட்டது. மத்தியானம் சாப்பிடும்போது அவர் வாயே திறக்கவில்லை. எட்டு மணிக்குத் திறந்தார். "உப்பைப் பற்றி எங்களுக்குப் போதித்த எங்கள் பரம பிதாவே, அந்த உப்பு எங்கள் வீட்டுக் குழம்பிலும் அளவாய் விழும்படிக்குச் சமைக்கிற கைகளுக்கு ஞானத்தைக் கட்டளையிடும்." நான் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தேன். எதிரே அவருடைய ஒரு கண் திறந்திருந்தது. சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த ஒரு கண்ணை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சலாக வருகிறது.

என் அம்மா அப்படி ஜெபித்தவள் இல்லை. கூலிக்கு நாற்று நடப் போகிறவள். எங்களிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியேதான் ஆண்டவரிடமும் பேசுவாள். "துணி காயல ஆண்டவரே, கொஞ்சம் வெயில் அடிக்கக் கூடாதா" என்பாள். அதுதான் அவளுடைய ஜெபம், முடிந்தது. எனக்கும் அதுதான் பழக்கம். பாத்திரம் கழுவும்போதும், பஸ்ஸுக்கு நிற்கும்போதும் உள்ளுக்குள் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பேன். எனக்கென்று சொந்தமாக இருந்தது அது ஒன்றுதான். நகையும் பாத்திரமும் வண்டியில் ஏற்றி வந்தது எல்லோருக்கும் தெரியும். இதையும் நான் கொண்டுவந்தது யாருக்கும் தெரியாது.

அதைத்தான் அந்தக் கோரைப்பாயில் தொலைத்தேன்.

எப்படியென்றால், நானும் திருப்பி அடிக்கக் கற்றுக்கொண்டேன். எங்கள் வீட்டு வழக்கப்படி முதலில் கணவர், பிறகு நான், கடைசியில் மாமியார். அம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று கேட்டு, மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று, "பிறந்த வீட்டுக்குப் போகிற பெண்களைத் தடுக்கிறவர்களின் இருதயக் கடினத்தை உடைத்தருளும்" என்று ஜெபித்தேன். எனக்கே ஆச்சரியம், அவருடைய தமிழ் அப்படியே என் வாயில் வந்தது. அவர் சளைப்பாரா. அடுத்த நிமிடமே, "பிறந்த வீடே கதியென்று கிடக்கிறவர்களுக்குப் புகுந்த வீட்டின்மேல் கரிசனையைத் தாரும்" என்றார். இப்படியே வருடக்கணக்காக நடந்தது. காலையில் பல் துலக்கும்போதே எட்டு மணிக்கு என்ன சொல்லலாம் என்று வாக்கியம் ஜோடிக்க ஆரம்பித்துவிடுவேன்.

என் கணவர் இரண்டு பேருக்கும் ஒரே சுருதியில் ஆமென் சொல்வார். எனக்கு அவர்மேல்தான் அதிகம் அருவருப்பு. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"அவங்க என்னத் திட்டறாங்க, அதுக்கும் ஆமென் சொல்றீங்க. நான் அவங்கள சொன்னா அதுக்கும் சொல்றீங்க."

"ஜெபத்துக்கு ஆமென் சொல்லாம வேற இன்னா சொல்லுவாங்க? வுடு, பேஜார் பண்ணாத" என்றார்.

இதற்கு நடுவில் தனியாக இருக்கும்போது கண்ணை மூடினால், முதலில் வந்து நிற்பது மாமியாருடைய முகம்தான். அதன் பின்னாலேயே ஒரு குத்தல் வாக்கியம் வரும். ஆண்டவர் எங்கேயோ வாசலுக்கு வெளியே நிற்கிறார், உள்ளே நாங்கள் இருவரும் கட்டிப்புரண்டுகொண்டிருக்கிறோம். எங்கள் தெருக்கோடியில் பட்டு நூலைச் சோப்புத் தண்ணீரில் வேகவைத்துப் பசை எடுப்பார்கள். அந்தத் தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றும்போது வருகிற நாற்றம் குடலைப் பிடுங்கும். என் ஜெபத்திலிருந்தும் அப்படி ஒரு நாற்றம் வருவதாக எனக்குத் தோன்ற ஆரம்பித்தது. இனி ஆண்டவரிடம் பேசுவதையே விட்டுவிடுவேனோ என்று பயமாகவும் இருந்தது.

சபையில் எழுப்புதல் கூட்டம் போட்டார்கள். சரி, அங்கேயாவது உள்ளம் புதிதாகட்டும் என்று போனேன். பந்தல், டியூப்லைட், காதைக் கிழிக்கிற ஸ்பீக்கர். பிரசங்கியார் அழச் சொன்னார், எல்லோரும் அழுதார்கள். பக்கத்தில் மாமியார் குலுங்கிக் குலுங்கி அழுதார், நானும் அழுதேன். திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அவர் இன்னொரு அம்மாவிடம் சொன்னார், "எம் மருமகளுக்கோசரம்தான் அழுதேன், அவ மனசு மாறணும்னு." நான் எனக்குள் சிரித்துக்கொண்டேன். நான் அழுதது அவருடைய மனசு மாற வேண்டும் என்று.

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரே சுவர். அவர்கள் நெசவுக் குடும்பம், கைத்தறியை எடுத்துவிட்டு பவர்லூம் போட்டிருந்தார்கள். அந்த வீட்டு அக்காவுக்கு நான் பகலில், தறியில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைச் சுற்றிக் கொடுப்பேன். மின்தறி ஓடினால் எங்கள் கூடத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. அதனால் ஜெபத்தைக்கூடக் கத்தித்தான் செய்வோம்.

ஒரு கோடைக்காலம். மகளுக்கு அப்போது நான்கு வயது இருக்கும். மதியம் கண் அசந்துவிட்டேன், அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. எட்டு மணிக்கு மாமியார் தறிச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி ஆரம்பித்தார். பால் விஷயத்துக்கு வரும் நேரத்தில் கரண்ட் போனது. தறிகள் எல்லாம் ஒரே நொடியில் அடங்கின, தெருவே அடங்கியது. அவர் குரல் மட்டும் அதே உச்சத்தில் போய்க்கொண்டிருந்தது. "பட்டப்பகலில் படுத்துத் தூங்கிப் பாலைப் பொங்கவிடுகிற இந்தப் பெண்ணின் சோம்பலைத் தேவரீர் வேரோடு பிடுங்கும்." அதன் பிறகுதான் அவருக்கே உறைத்தது. மீதி ஜெபத்தை முணுமுணுத்து முடித்தார்.

மறுநாள் நூல் சுற்றப் போனபோது பக்கத்து வீட்டு அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏம்மா, உங்க அத்த நேத்து உங்க சாமியாண்ட உன்னப் பத்தி கோள் சொல்லிகினு இருந்தாங்களே, சாமி இன்னா சொல்லுச்சு?"

"ஒண்ணும் சொல்லலக்கா."

"எப்படிச் சொல்லும்? எங்க வீட்ல இந்த வேலையே கெடையாது. எங்க அத்தயாண்ட நேராவே சொல்லிடுவேன். அவங்களும் சொல்லிடுவாங்க. ரெண்டு பேரும் சண்டை போட்டுகினு, அப்பால சோத்தப் போட்டுகினு துன்னுவோம்."

நானும் சேர்ந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு சிரிப்பு வரவில்லை. கோள். இத்தனை வருடமாக அதற்கு என்ன பெயர் என்று தெரியாமல் ஜெபம் ஜெபம் என்று சொல்லிக்கொண்டிருந்தோம். பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் போய் ஒட்டிக்கொண்டு மற்றவர்களைப் போட்டுக்கொடுக்கிற பிள்ளைகளை எனக்குக் கண்டாலே ஆகாது. அந்தப் பிள்ளையாகத்தான் நான் ஆண்டவர் முன்னால் தினமும் போய் நின்றிருக்கிறேன், அதுவும் இலக்கணத் தமிழில். தூ என்று இருந்தது.

அன்றிலிருந்து யாரைப் பற்றியும் பேசாமல் ஜெபிப்பது என்று முடிவு செய்தேன். அப்போதுதான் தெரிந்தது, அதை எடுத்துவிட்டால் என்னிடம் வேறு ஒன்றுமே இல்லை. "நன்றி ஆண்டவரே, ஆமென்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். மாமியார் சும்மா விடுவாரா? "ஜெப ஊற்று வற்றிப்போனவர்களை நினைத்தருளும்" என்றார். கணவர் ஆமென் என்றார். எனக்குப் பாயைச் சுருட்டி வெளியே எறியலாம் போலிருந்தது.

அந்தச் சமயத்தில் மகளுக்கும் ஜெபிக்கப் பழக்க வேண்டும் என்று மாமியார் அவளை முதல் ஆளாக ஆரம்பிக்கச் சொன்னார். பிள்ளை சமத்தாகக் கைகளைக் கூப்பிக் கண்ணை மூடிக்கொண்டது.

"தேவரீர் அறிவீர். அம்மா எனக்கு முட்டை தரல. ஆயாதான் தந்தாங்க. அம்மாவுக்கு ஞானத்தைக் கட்டளையிடும். ஆமென்."

ஆயா என்று அவள் கூப்பிடும் மாமியார் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொல்லி அவளுக்குத் திருஷ்டி கழிப்பதுபோலக் கன்னத்தை வழித்து முத்தம் கொடுத்தார். என் கணவர் சிரித்தார். நான் மகளைப் பார்த்தேன். அவளுடைய ஒரு கண் திறந்திருந்தது. எனக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

எனக்கு உடம்பு முழுக்கக் கூசியது. மாமியாரிடமிருந்து எனக்கு, எங்கள் இருவரிடமிருந்து இவளுக்கு. இவள் நாளைக்கு எந்த வீட்டுக்குப் போவாளோ, அங்கேயும் ஒரு பாயை விரிப்பாள். ஆண்டவர் என்றால் ஒட்டுக்கேட்டுத் தண்டனை தருகிறவர் என்றுதான் நினைத்துக்கொண்டு சாவாள்.

கணவர் தன் ஜெபத்தை வழக்கம்போல ஒப்பித்து முடித்தார். என் முறை வந்தது. பக்கத்து வீட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தவில்லை. முழங்கால் முட்டுகிற தூரத்தில்தான் எல்லோரும் இருந்தோம்.

"ஆண்டவரே, எனக்கு அத்தயப் புடிக்கல. ரொம்ப நாளாவே புடிக்கல. அவங்க டீ உறிஞ்சற சத்தம் புடிக்கல, தைலம் தேச்சிகினு வர்ற வாசன புடிக்கல, அவங்க ஜெபம் புடிக்கல. என் ஜெபமும் எனக்குப் புடிக்கல. என் பொண்ணு எல்லாத்தயும் பாத்துகினே இருக்குது. என்னால இத மாத்திக்க முடியல. நீங்கதான் எதனா பண்ணணும்."

ஆமென் சொல்ல எனக்கு மறந்துவிட்டது. கணவரும் சொல்லவில்லை. இனி இந்த வீட்டில் எனக்குச் சோறு கிடைக்காது என்றுதான் நினைத்தேன். ஆனாலும் பல வருடங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் நான் சொன்னதை யாரோ கேட்டதுபோல இருந்தது. யாரோ என்று மாமியாரைச் சொல்லவில்லை.

மாமியார் ஆரம்பித்தார். "மகா பரிசுத்தமுள்ள எங்கள் பரம பிதாவே, தேவரீர்..." அங்கேயே நின்றுவிட்டார். தொண்டையைச் செருமினார். மறுபடி ஆரம்பித்தார், மறுபடி தேவரீரிலேயே நின்றார். நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். அவருடைய இரண்டு கண்களும் இறுக மூடியிருந்தன. அப்படி நான் அவரைப் பார்த்ததே இல்லை.

"எனக்கும் இவளப் புடிக்கல ஆண்டவரே" என்றார். "வந்த நாள்லருந்தே புடிக்கல."

அதற்கு நான் ஆமென் சொன்னேன். என் வாயிலிருந்து தானாக வந்தது. அந்த வீட்டில் நான் மனதாரச் சொன்ன முதல் ஆமென் அதுதான். பாயைச் சுருட்டினோம், சாப்பிட்டோம், படுத்தோம்.

இதற்குப் பிறகு நாங்கள் அம்மாவும் மகளுமாக ஆகிவிட்டோம் என்று யாராவது எதிர்பார்த்தால், அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. டீ உறிஞ்சுகிற சத்தம் கடைசி வரை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மறுநாள் எட்டு மணிக்கு அவர் தன்னுடைய முழங்கால் வலியைப் பற்றி ஜெபித்தார். படி ஏற முடியவில்லையாம். இத்தனை வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்தும் எனக்கு அது தெரியாது. தைலம் எதற்கு என்று நான் யோசித்ததும் இல்லை.

அதற்கடுத்த ஒரு காலை. பாலைக் காய்ச்ச வைத்தேன், திரிந்துவிட்டது. பாத்திரத்தைப் பார்த்தபடியே நின்றேன். "பால் திரிஞ்சிபோச்சே ஆண்டவரே, இப்ப காபிக்கு இன்னா பண்றது" என்று சொல்லிக்கொண்டிருப்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது. கொஞ்சம் சத்தமாகவே சொல்லியிருக்கிறேன் போலிருக்கிறது. கூடத்திலிருந்து மாமியாரின் குரல் வந்தது.

"யாராண்ட பேசிகினு இருக்கிற?"

"ஆண்டவராண்ட."

அவர் சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"என்னப் பத்தியா?"

"இல்லீங்க அத்த" என்றேன். "பாலப் பத்தி."