தன்யா பேசாத மாதங்கள்

ஸ்கூல் ஆட்டோவில் கஷ்டமான வேலை, பின்னால் ஐந்து பிள்ளைகள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே வண்டி ஓட்டுவதுதான். தினமும் சிக்னலில் என் பக்கத்தில் நின்று அதே புகையை இழுக்கும் அம்மா அப்பாக்களே, நம் எல்லோர் பாடும் ஒன்றுதான்.

தூசி

அபிராமபுரத்தில் ஏறும் தன்யாவுக்கு ஏழு வயசு. தி.நகர் ஸ்கூலில் இறங்கும் வரை கேள்வி கேட்டுக்கொண்டே வருவாள். மெயின் ரோட்டைத் தோண்டிய பிறகு, பஸ் புகைக்கும் மண்ணுக்கும் நடுவில் தினமும் அரை மணி நேரம் நின்றோம். சில மாதங்களில் அவள் பேச்சே குறைந்துவிட்டது. யாராவது லேசாக இடித்தால் கத்துவாள், இல்லையென்றால் வெறித்துப் பார்த்துக்கொண்டு வருவாள். எனக்கு அவள் தொணதொணப்பு இல்லாமல் காது ஏங்கிப்போனது.

"இன்னா கண்ணு, எதுவும் கேக்க மாட்டேங்கிற?" என்றேன்.

"தலைக்குள்ள தூசியா இருக்கு ஆன்ட்டி."

டாக்டர் சொன்னது

பாடத்திலும் கவனம் இல்லை என்று டீச்சர் சொல்லவே, அவள் அப்பா டாக்டரிடம் கூட்டிப்போனார். மறுநாள் அவர்கள் வீட்டு கேட் பக்கத்தில் என்னை நிறுத்திச் சொன்னார்.

"புகை நெஞ்சோட நிக்காதாம் அக்கா. வளர்ற மூளையையும் பாதிக்கலாமாம், மனசையும் வாட்டலாமாம். இவளுக்கு அதுதான் காரணம்னு அடிச்சுச் சொல்ல முடியாது, புகையில நிக்கிறதைக் குறைச்சுப் பாருங்கன்னாரு."

அந்தப் புகைக்குள் தினமும் அவளை உட்கார வைத்தது என் வண்டிதானே. அன்று மதியமே வேறு வழி தேடி ஓட்டிப் பார்த்தேன்.

உள் தெரு

ஆழ்வார்பேட்டை உள் தெருக்களில் சுற்றிப் போகலாம், எல்லோரும் இருபது நிமிஷம் முன்னால் தயாராக வேண்டும் என்று வீடு வீடாகக் கேட்டேன். நாலு வீடு சம்மதித்தது. ஒரு அம்மா மட்டும் தன் மகளை வேறு ஆட்டோவில் சேர்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"நீங்க மட்டும் சுத்திப் போனா ஊர்க் காத்து மாறிடுமா?"

பாதிக் கேள்வி

மாறவில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து ஒரு காலையில் பின்னாலிருந்து குரல் வந்தது. "ஆன்ட்டி, காக்காவுக்கு..." அதோடு நின்றது. வண்டியை மெதுவாக்கிக் காத்திருந்தேன். கண்ணாடியில் அவள் முகம் சுருங்கி யோசிப்பது தெரிந்தது. "சொல்லு கண்ணு" என்றேன்.

"மறந்துட்டேன் ஆன்ட்டி. நாளைக்குக் கேக்கறேன்."

ரோட்டு வேலை முடிவதற்குள் இந்தப் பிள்ளைகள் காலேஜுக்கே போய்விடுவார்கள் போலிருக்கிறது, அதுவரை நான் சந்து சந்தாக ஓட்டுகிறேன்.