வேப்பமரத்தடி முத்திரை

தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்த வந்த புது இன்ஸ்பெக்டர், சாத்தூரில் எங்கள் பட்டாசுக் கம்பெனிக்குள் வரவில்லை. எதிரே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஒல்லியானவர், பேசுமுன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார். முத்திரை விழாவிட்டால் சீசன் வேலை நின்றுவிடும். கோபித்துக்கொண்டாரோ என்று பயந்த முதலாளி, கணக்குப்பிள்ளையான என்னைக் காபியோடு அனுப்பினார்.

"உள்ள வாங்கய்யா. எடைக்கல்லெல்லாம் வெடிமருந்து ரூம்ல இருக்கு."

அவர் பையிலிருந்து சுத்தியலை எடுத்துக் காட்டினார். "முத்திரைய இதாலதான் தட்டணும். மருந்து ரூம்ல தட்டினா, கட்டணம் கொடுக்க நீங்களும் இருக்க மாட்டீக, வாங்க நானும் இருக்க மாட்டேன். கல்ல மருந்து போகக் கழுவி இங்கன கொண்டாங்க."

"போன வருசம் வந்தவரு உள்ளயே உட்கார்ந்து தட்டினாரே. நாங்க சுத்தி நின்னு பார்த்தோம்."

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு என்னை உற்றுப் பார்த்தார்.

"எல்லாரும் இருக்கீகளா?"

இருக்கிறோம் என்று சொல்லுமுன், நான் ஒருமுறை கம்பெனியைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன்.