இழு, பிடி, விடு

நெஞ்சு நோய் வார்டில் அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் செல்லுபடியாகாது. அங்கே அவள் 'இழுபிடி சிஸ்டர்'. ஆஸ்துமாக்காரனோ பழைய பீடிக்காரனோ, யார் வந்தாலும் கையில் இன்ஹேலரைத் திணித்து, "இழு, பிடி, விடு" என்பாள். அவள் "விடு" சொல்வதற்கு முன் மூச்சை விட்டவன் தொலைந்தான். ஸ்டீராய்டு மருந்தை இழுத்துவிட்டு வாய் கொப்பளிக்காமல் படுக்கும் கொத்தனாரிடம், "நாக்குல பூஞ்சை வளர்த்துக் கண்காட்சி வைக்கப் போறீங்களா?" என்று கேட்பாள்.

"தெரியும் சிஸ்டர்" என்று யாராவது சொன்னால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். "தெரிஞ்சா செஞ்சு காட்டுங்க" என்று இடுப்பில் கை வைத்து நிற்பாள்.

அவளுடைய மாமனார் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பஸ் விட்ட புகை பாதி, தான் விட்ட புகை பாதி என்று ஆயுசுக்கும் இழுத்து மூச்சுக்குழாய் சுருங்கிப்போன மனுஷர். மருந்துப்பொடி அடைத்த காப்ஸ்யூல் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைச் சின்னக் கருவியில் போட்டு, குத்தித் துளைத்து, பொடியை வாயால் உள்ளே இழுக்க வேண்டும். ஆனால் நாளுக்கு நாள் மூச்சு மோசமானது. வீட்டு மாடிப்படியில் பாதியிலேயே உட்கார ஆரம்பித்தார். இதுவும் கேட்காவிட்டால் வீட்டிலேயே ஆக்ஸிஜன்தான் என்றார் டாக்டர். அப்பா இல்லாத பெண் அவள். இந்த மனுஷர்தான் அவளைப் பெயர் சொல்லாமல் "அம்மா" என்றே கூப்பிடுவார்.

பரிசோதனைக்கு அவரை வார்டுக்குக் கூட்டி வந்த அன்று டாக்டர், "எதுக்கும் ஒரு தடவை செஞ்சு காட்டச் சொல்லுங்க சிஸ்டர்" என்றார்.

"எங்க வீட்டு ஆளுக்கா டாக்டர்?" என்று சிரித்துக்கொண்டே காப்ஸ்யூலையும் வார்டில் இருந்த கருவியையும் நீட்டினாள். மாமனார் கருவியை மடியில் வைத்தார். காப்ஸ்யூலை வாயில் போட்டுக்கொண்டு, "தண்ணி?" என்று கையை நீட்டினார்.

"அவரு நாக்குல பூஞ்சை வராது சிஸ்டர்" என்றார் கொத்தனார். வார்டே இருமி இருமிச் சிரித்தது.

"மாமா, இதையா தினமும் முழுங்கினீங்க?"

"நீதானேம்மா காலையில பிரஷர் மாத்திரையோட இதையும் கிண்ணத்துல போட்டு, பக்கத்துல தண்ணியும் வச்சிட்டு ஓடுவே?"

வார்டுப் பழக்கம். படுக்கைக்கு ஒரு கிண்ணம், அதில் காலை மருந்தெல்லாம். அதையே கை தானாக வீட்டிலும் செய்திருந்தது. வீட்டுக் கருவி சீல் பிரிக்காத டப்பாவிலேயே கிடந்தது. ஊருக்கெல்லாம் காட்டியவள் இவருக்குக் காட்டவே இல்லை.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே மாமா?"

"வார்டே உன்னைப் பார்த்து நடுங்குது. நான் வாயைத் திறப்பேனா?"

மறுநாள் காலை கிண்ணம் இல்லை. அடுப்பை அணைத்துவிட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள். "இழுங்க" என்றாள். கருவிக்குள் காப்ஸ்யூல் கிர்ரென்று சுழன்றது. பொடி உள்ளே போகிறது என்று அர்த்தம். "பிடிங்க" என்றாள். அப்போது அந்தக் கருவியின் டப்பா கண்ணில் பட்டது. இத்தனை நாளும் இவர் மூச்சை என் கையாலேயே அடைத்தேனே என்று கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

கிழவர் கன்னம் உப்பி, கண் பிதுங்கி, அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் தாங்காமல் புஸ்ஸென்று விட்டார்.

"விடுன்னு சொல்லும்மா. மருந்தால பிழைச்சு, உனக்குப் பயந்து சாகணுமா நான்?"